பிளக்கும் பொருந்தியது, வோல்ட்டும் சரி; பிறகு ஏன் எரிந்தது?

சாதனம், அடாப்டர் இரண்டிலும் 9 வோல்ட் என்று எழுதியிருந்தது, பிளக்கும் கச்சிதமாக நுழைந்தது, அப்படியிருந்தும் சாதனம் ஏன் எரிந்தது, எல்லா நிறுவனங்களும் ஏன் ஒரே மாதிரி இணைப்புக் கொடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கிடந்த வேறொரு சாதனத்தின் அடாப்டரைச் செருகியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நானும் அதையேதான் செய்தேன்.

என் மின்னணு இசைப்பலகையின் அடாப்டர் தொலைந்துபோனதால், ஒரு பழைய ரௌட்டருடன் வந்திருந்த 9 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை, கருகல் வாடைதான் வந்தது. ரௌட்டர் அடாப்டரில் நடுத்துளை நேர்முனையாகவும் வெளி உறை எதிர்முனையாகவும் இருக்க, இசைப்பலகை அதற்கு நேர்மாறாக எதிர்பார்த்திருக்கிறது. குறியைப் பார்த்திருக்கலாமே என்று சிலர் எழுதக்கூடும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே, கடுகளவில் புடைத்து நிற்கும் அந்த வட்டத்தையும் கூட்டல் கழித்தல் குறிகளையும் டார்ச் அடித்துத் தேடியவர்களுக்குத்தான் என் நிலை புரியும்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் வெறும் பிடிவாதமன்று. பேட்டரியிலும் ஓடும் சாதனங்களின் ஜாக்கில், அதாவது பிளக் நுழையும் பொருத்துவாயில், மூன்று கால்கள் இருக்கும். பிளக் நுழைந்தவுடன் வெளி உறையைத் தொடும் தகடு விலகி, பேட்டரியின் தொடர்பைத் துண்டித்துவிடும். துண்டிப்பு உறையின் பக்கம் நிகழ்வதால், பேட்டரியின் நேர்முனையைத் துண்டித்து எதிர்முனையை அடாப்டருக்கும் பேட்டரிக்கும் பொதுவாக விட விரும்பும் வடிவமைப்பாளர் உறையை நேர்முனையாக்கியே தீர வேண்டும். கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல்கள் இன்றும் பெரும்பாலும் நடு எதிர்முனையாகவே வருவது இந்த மரபின் தொடர்ச்சிதான். பேட்டரி இல்லாத சாதனங்களுக்கு அந்தக் கட்டாயமில்லை. வெளியே தெரியும் உலோக உறை வேறு உலோகத்தில் உரசினாலும் தீங்கு குறைவு என்பதால், அவற்றில் உறை எதிர்முனையாக இருப்பதே வழக்கம்.

அளவிலும் இதே குழப்பம்தான். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராகவே இருக்க, உள்துளை சிலவற்றில் 2.1, சிலவற்றில் 2.5 மில்லிமீட்டர். 2.5 துளையுள்ள பிளக் 2.1 ஊசியிலும் ஏறும். ஆனால் தளர்வாக நின்று, அசைத்தால் விட்டுவிட்டு மின்சாரம் தரும். வோல்ட் மாறினால் பிளக்கே நுழையக் கூடாது என்று ஜப்பானியத் தொழில்துறை 18 வோல்ட் வரை ஐந்து அளவுகளை வகுத்த இஐஏஜே தரநிலை இருந்தும், எல்லோரும் அதைப் பின்பற்றவில்லை. எங்கும் மலிவாகக் கிடைக்கும் ஜாக்கையே வாங்கிப் பொருத்தும் பழக்கம்தான் காரணம் என்பது என் கருத்து. யூஎஸ்பி சி இதில் எவ்வளவோ மேல்: தலைகீழாகச் செருகினாலும் முனை மாறாது, சாதனம் கேட்காமல் 5 வோல்ட்டுக்கு மேல் தராது.

பழுதுபார்ப்பு மையம் ஒன்றில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். நானே திறந்து பார்த்தபோது, ஜாக்கை அடுத்துக் குறுக்கே இணைத்திருந்த காப்பு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு உறுப்பு) தலைகீழ் மின்சாரத்தைத் தன் வழியே இழுத்துக்கொண்டு, பக்கத்துச் செம்புத் தடத்தோடு கருகியிருந்தது. புது டையோடும் ஒரு துண்டு வயரும் போதுமானவையாக இருந்தன. ஆகவே உங்கள் சாதனத்தையும் எறிந்துவிடாதீர்கள். அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அந்த டையோடை மல்டிமீட்டரில் பாருங்கள். இரு திசையிலும் பீப் ஒலித்தால், பெரும்பாலும் அதுதான் ஷார்ட் ஆகியிருக்கும்.