மரவள்ளிக்கிழங்கு ஏன் கசக்கிறது? எப்படி வேகவைப்பது?

கேள்வி: சந்தையில் வாங்கும் மரவள்ளிக்கிழங்கு சில நாள் மாவாக வெந்து இனிக்கிறது. சில நாள் எவ்வளவு வேகவைத்தாலும் கசக்கிறது. உள்ளே நீலக் கோடும் தெரிகிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டித்தான் ஆக வேண்டுமா? குக்கரில் வைக்கலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: தண்ணீரைக் கொட்டியே ஆக வேண்டும். குக்கர் வேண்டாம். நன்றாக வெந்த, கசப்பில்லாத கிழங்கைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். கசந்தால் பெரியவர்களும் துப்பிவிட வேண்டும். மசாலா சேர்த்து அந்தக் கசப்பை மறைக்கவே கூடாது.

மரவள்ளியில் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. அப்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வெளிவருகிறது. அது 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும் என்பதால் திறந்த பாத்திரத்திலிருந்து எளிதில் போய்விடும். பெரிய துண்டுகளைக் கொதிக்கும் நீரில் போடும்போதுதான் சிக்கல். சூட்டில் நொதி தன் வேலையை முடிக்கும் முன்பே செயலிழந்துவிடும். சிதையாத லினமாரின் கிழங்குக்குள் தங்கிவிடும். அதன் பிறகு அது தண்ணீரில் கரைந்துதான் வெளியேற முடியும். குக்கரில் தண்ணீரும் குறைவு, மூடியும் இறுக்கம் என்பதால் நச்சு வெளியேற வழி குறைகிறது.

முதலில் இரண்டு முனைகளையும் வெட்டி எறியுங்கள். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, பழுப்புத் தோலோடு அதன் கீழுள்ள தடித்த உள்தோலையும் சேர்த்து உரியுங்கள். சதையைவிடத் தோலில்தான் நச்சு அதிகம். பழுப்புத் தோலை மட்டும் சுரண்டி எடுத்தால் போதாது. கிழங்கைப் பிளந்து நடு நாரை நீக்கி, விரல் பருமனுள்ள துண்டுகளாக நறுக்குங்கள். நேரமிருந்தால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். ஒரு கிலோ கிழங்குக்கு 4 முதல் 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் அடுப்பில் வையுங்கள். கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் வடித்துவிட்டு, புதிதாக வெந்நீர் ஊற்றி, உப்பும் மஞ்சளும் போட்டுக் குழைய வேகவையுங்கள். உப்பை முதல் தண்ணீரிலேயே போட்டால் வடிக்கும்போது வீணாகும். இரண்டாவது தண்ணீரையும் வடிக்க வேண்டும்.

சாதாரணமாக, ஒரு கிலோ பச்சைக்கிழங்கில் சயனைடு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் அதை இனிப்பு ரகம் என்பார்கள். 100ஐத் தாண்டினால் ஆபத்து. வறட்சியில் வளர்ந்த செடியின் கிழங்கில் இந்த அளவு ஏறும். இதனால் ஒரே ரகம் ஒரு பருவத்தில் இனித்து, அடுத்த பருவத்தில் கசக்கலாம். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கென நடும் ரகங்களை மாவுச்சத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள், சாப்பாட்டுக்காக அல்ல. வாங்கும்போது "இது வேகவைத்துத் தின்கிற கிழங்குதானா?" என்று கேளுங்கள். கசப்பில்லை என்பதற்காக மட்டும் தண்ணீரைக் கொட்டாமல் விடாதீர்கள். நாக்கு எப்போதும் சரியாகக் காட்டிக்கொடுக்காது.

நீலக் கோடு நச்சல்ல. தோண்டி இரண்டு மூன்று நாளில் காற்றுப்பட்டுக் கிழங்கு கெடுவதன் அடையாளம் அது. ஓரமாக இருந்தால் வெட்டி நீக்கிவிடலாம். முழுதும் பரவியிருந்தால் சுவையே இருக்காது. வாங்கும்போது நுனியை ஒடித்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிந்து, உள்ளே சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். உடனே சமைக்காவிட்டால் உரித்து நறுக்கித் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, தினம் தண்ணீர் மாற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். உரித்த துண்டுகளை ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைக்கலாம்.

கசப்பே இல்லாமல் வேகாமல் மட்டும் அடம்பிடிக்கும் கிழங்கும் உண்டு. வறட்சிக்குப் பின் மழை பெய்து செடி மறுபடி துளிர்க்கும்போது, கிழங்கின் மாவுச்சத்து துளிருக்குப் போய்விடும். அப்போது தோண்டினால் கிழங்கு நீர்த்துப்போய், கண்ணாடிபோல் விறைத்தே நிற்கும். முற்றி நார் பிடித்ததும் இப்படித்தான்.

அடைக்குப் பச்சையாக அரைப்பவர்கள், துருவிய கிழங்கைச் சில மணி நேரம் வைத்திருந்து, சாற்றை ஒட்டப் பிழிந்து கொட்டிவிட்டு அரைக்க வேண்டும். துருவும்போது நொதி நன்றாகக் கலப்பதால் இங்கே காத்திருப்பதே பெரிய பாதுகாப்பு. துருவிய கையோடு கல்லில் ஊற்றுவது சரியல்ல.

கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். கிழங்கில் புரதம் 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான். மிஞ்சிய சிறிதளவு சயனைடை உடல் முறிக்க, புரதத்திலுள்ள கந்தகச் சத்து வேண்டும். கன்னியாகுமரியில் மரச்சீனியோடு (மரவள்ளிக்கு அங்கே அதுதான் பெயர்) மீன்குழம்பு வைப்பது அந்த வகையில் அருமையான சேர்க்கை. முட்டை, பருப்பும் நல்லவை. காங்கோ, மொசாம்பிக் நாடுகளில் பஞ்ச காலத்தில் சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே வாரக்கணக்கில், புரதமின்றித் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து நிரந்தரமாகச் செயலிழக்கும் கொன்சோ நோய் வந்திருக்கிறது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் தலைசுற்றல், தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மரவள்ளி சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் ஆடு மாடு இருந்தால், பச்சைத் தோலையும் இலையையும் அவற்றுக்கு எட்டாத இடத்தில் போடுங்கள். அவற்றைத் தின்று ஆடுகள் செத்துப்போவது உண்டு.