தாதியர் படிப்பில் வரும் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்றால் என்ன? அதைக் கற்பிப்பது ஏன் கடினம்?

நோயாளி தன் மொழியையோ மதத்தையோ பழக்கத்தையோ நினைத்துக் கூசாமல் சிகிச்சை பெற முடிவதுதான் பண்பாட்டுப் பாதுகாப்பு. அது கிடைத்ததா என்று சொல்ல வேண்டியவர் தாதி அல்ல, நோயாளி. உப்பு சரியா என்று சமைத்தவரா சொல்வது, சாப்பிட்டவர்தானே?

இது நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்தைச் சேர்ந்த தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வளர்த்தெடுத்த கருத்து. 1992இல் அந்நாட்டுத் தாதியர் மன்றம் இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற அவநம்பிக்கையால் மாவோரி மக்களில் பலர் மருத்துவமனையை நம்பத் தயங்கியதே காரணம். அப்போது அங்கே எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது.

கற்பிப்பவர்களுக்குப் பெரிய சவால், மாணவர்கள் பட்டியல் கேட்பதுதான்: மலாய்க்காரருக்கு இது, இந்தியருக்கு அது. பாடமோ, “நோயாளி மீது உனக்கு இருக்கும் அதிகாரத்தைப் பார்” என்கிறது. சிலருக்குக் கோபம் வரும், சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சங்கடத்தைத் தாங்கி வகுப்பை நடத்துவது லேசான வேலை இல்லை.

சிங்கப்பூர் வார்டில் இது அன்றாட விஷயம். அறுவை சிகிச்சைக்கு முன் நகையைக் கழற்றச் சொல்வது வழக்கம். தமிழ்ப் பாட்டியிடம் தாலியைக் கழற்றச் சொல்லும் பிலிப்பீன்ஸ் தாதி விதியைத்தான் பின்பற்றுகிறார். சரி, ஆனால் காரணத்தைச் சொல்லி, “யாரிடம் கொடுத்து வைக்கலாம், பாட்டி?” என்று கேட்டால் பாட்டியின் பயம் பாதி குறையும்.

“எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதும்” என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ‘ஒரே மாதிரி’ பெரும்பாலும் மருத்துவமனைக்கு வசதியான மாதிரியாகவே இருக்கிறது.