வாரண்ட் இல்லாமல் வீட்டில் சோதனை: எடுத்துப்போன செல்போனை மீட்பது எப்படி?

கேள்வி: புதுச்சேரி அரியாங்குப்பத்தில் வசிக்கிறேன். மைத்துனர் மீது ஆன்லைன் மோசடிப் புகார் இருப்பதாகச் சொல்லி, கடலூர் போலீஸார் இரவு 11 மணிக்கு வந்து என் வீட்டைச் சோதனை போட்டார்கள். வாரண்ட் காட்டவில்லை. என் செல்போனையும் மகனின் லேப்டாப்பையும் எடுத்துப் போனார்கள். ரசீது இல்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து வேறு வாங்கினார்கள். இது செல்லுமா?

பதில்: வாரண்ட் இல்லை என்பதையே பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். தாமதித்தால் ஆதாரம் கிடைக்காமல் போகும் என்று நம்பக் காரணம் இருந்தால், புலன்விசாரணை அதிகாரி வாரண்ட் இல்லாமலே சோதனையிடலாம் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 185-வது பிரிவு. ஆனால் அந்தக் காரணத்தையும் தேடும் பொருளையும் முதலிலேயே வழக்கு நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

உங்கள் வீடு கடலூர் நிலைய எல்லையில் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், உள்ளூர் நிலையத்தின் மூலம்தான் சோதனை நடக்க வேண்டும். அவசரமென்றால் நேரடியாக வரலாம். வந்தால், பொருள் பட்டியலோடு உள்ளூர் நிலையத்துக்கு உடனே தகவல் அனுப்ப வேண்டும் (பிரிவு 186). அரியாங்குப்பம் நிலையத்தில் அப்படித் தகவல் வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். போலீஸார் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அக்கம்பக்கத்துச் சாட்சிகள் இருவர், நீங்கள் உடனிருக்க அனுமதி, கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகல் ஆகியவை 103-வது பிரிவு தரும் உரிமைகள். பட்டியல் தயாரித்துக் கையெழுத்திடுவது வரை முழுச் சோதனையையும் வீடியோ எடுத்தாக வேண்டும் (பிரிவு 105).

இப்போது செய்ய வேண்டியது: வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதை, தேதி, நேரம், வந்தவர்கள் எத்தனை பேர் என்ற விவரத்தோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் விரைவு அஞ்சலில் உடனே எழுதுங்கள். பிறகு அந்தத் தாள் மகஜராகவோ (சாட்சிகள் முன் எழுதும் சோதனைப் பதிவு) வாக்குமூலமாகவோ மாறினால் இந்தக் கடிதம்தான் துணை. தெருவில் சிசிடிவி இருந்தால் பதிவை இன்றே வாங்குங்கள். சில நாட்களில் அழிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். எந்த மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்கிறதோ, அங்கே சோதனைப் பதிவுகளின் நகல் கேட்டு மனுப் போடுங்கள். நகல் இலவசம். வீடியோவை அழியாமல் பாதுகாக்கவும் அதே மனுவில் கேளுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் ஆதாரத்தை ஒதுக்க முடியாது என்று பூரண் மல் வழக்கில் (1973) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே குறைபாடுகள் அந்த ஆதாரத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்கத்தான் உதவும். அதற்கு அன்றன்றே எழுதிய காகிதம் வேண்டும். அந்தரங்க உரிமையை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவின்கீழ் அடிப்படை உரிமையாக்கிய புட்டசாமி தீர்ப்பு (2017) செல்போன் விஷயத்தில் உங்களுக்குப் பலம்: வழக்குக்குத் தொடர்பில்லாத குடும்பப் படங்களையும் உரையாடல்களையும் துழாவுவது அளவுக்கு மீறியது என்று வாதிடலாம்.

பொருள்களைத் திரும்பப் பெற பி.என்.எஸ்.எஸ். 497, 503 பிரிவுகளின்கீழ் மனுப் போடுங்கள். வாங்கிய பில், செல்போன் பெட்டியிலுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் அடையாள எண்), லேப்டாப் வரிசை எண் ஆகியவற்றை இணையுங்கள். பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைத்த படிவம் 91 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புகைப்படம், பிணைப்பத்திரம், விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஆகியவற்றுடன் திருப்பித் தருவது வழக்கம். தடய அறிவியல் ஆய்வு முடியவில்லை என்று போலீஸார் ஆட்சேபித்தால், தரவை நகலெடுத்துக்கொண்டு மகனின் லேப்டாப்பையாவது முதலில் விடுவிக்கும்படி கேளுங்கள்.