ஓரத்து டைல்ஸ் கோணலாக இருக்கிறதே!

கேள்வி: புது வீட்டு ஹாலில் பாதிக்கு டைல்ஸ் போட்டாகிவிட்டது. ஒரு சுவரோரம் முழுக்கல்லில் ஆரம்பித்தார்கள். எதிர்ச்சுவரோரம் வெட்டிப் போட்ட துண்டு ஒரு முனையில் 2 அங்குலம், போகப் போக 3 அங்குலமாகிறது. 'ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் பட்டைக்கல்) வைத்தால் தெரியாது' என்கிறார் கொத்தனார். நான்தான் நுணுக்கிப் பார்க்கிறேனா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: இல்லை அம்மா, நீங்கள் பார்த்தது சரி. ஸ்கர்ட்டிங் கல்லின் தடிமன் 8, 10 மில்லிமீட்டர்தான். சுவரோர இடுக்கை அது மூடும். 1 அங்குலக் கோணலை மூடாது.

கொத்தனாரிடம் பேசும் முன் ஹாலின் அகலத்தை இரண்டு முனையிலும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். அங்கேயே 1 அங்குலம் வித்தியாசம் வந்தால், சுவர் கட்டும்போதோ பூசும்போதோ மூலைமட்டம் தப்பியிருக்கிறது. கல் போட்டவர் மேல் குற்றமில்லை. அகலம் சமமாக இருந்தால் ஜாயின்ட் நெடுக நூல் பிடித்துப் பாருங்கள். ஸ்பேசர் (இடைவெளி சமமாக இருக்கக் கற்களுக்கு நடுவே வைக்கும் சின்னத் துண்டு) வைக்காமல் போட்ட கல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்கும். அப்படியென்றால் பிரித்துப் போடச் சொல்லலாம். சிமென்ட் இறுகுவதற்குள் சொல்லுங்கள். அப்புறம் பிரித்தால் கல் உடையும்.

சுவர்தான் கோணல் என்றால், துண்டு விழும் பக்கம் சோபா போடும் இடமா என்று பாருங்கள். ஆமென்றால் விட்டுவிடுங்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் பக்கமாக இருந்தால், என் வீடாக இருந்தால் நான் விடமாட்டேன். போட்ட கல்லை எடுத்துவிட்டு, ஹால் நடுவில் நூல் கட்டி, கோணலை இரண்டு ஓரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடச் சொல்வேன். அரை அங்குலம் அவ்வளவாக உறுத்தாது.

இதைவிட எனக்குக் கவலை கதவு நிலையும் பாத்ரூமும்தான். நிலைக்குத் தூக்குக்குண்டு விட்டு, முன்பக்கம், பக்கவாட்டு இரண்டிலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் கதவு தானாகத் திறக்கும், இல்லை தானாகச் சாத்தும். கதவை இழைத்து அதைச் சரிசெய்ய முடியாது. பாத்ரூமில் கிரௌட் (கல் இடுக்கை அடைக்கும் பூச்சு) போடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மூலையில் தேங்கினால் அந்தக் கல்லை அன்றைக்கே எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச் பாக்ஸுக்குத் தரையிலிருந்து அளக்க விடாதீர்கள், டைல்ஸ் போடாத தரை மட்டமாக இருக்காது. டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து வீடு முழுக்க ஒரே மட்டக்கோடு போட்டு, அதிலிருந்து அளக்கச் சொல்லுங்கள்.