பழைய கணினி, பழைய கோப்புகள்: ஓவியர் பதில்கள்

பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் தனித்தொழிலாகப் படம் வரைந்து தரும் ஓவியர் ஒருவர், கணினியும் மென்பொருளும் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, 8 ஜி.பி. ரேம் கொண்ட கணினியில் ஃபோட்டோஷாப்பில் வரைகிறேன். ஏ3 அளவில் அட்டைப்படம் வரையும்போது பிரஷ் கைக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. கடைக்காரர், புதிய கணினியே வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: கடைக்காரர் சொல்வதை ஏற்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏ3 தாளை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திறந்தால் 3508-க்கு 4961 என்று ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் புள்ளிகள் வருகின்றன. ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) நிறத்தில், ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் ஆல்ஃபா சேனலையும் சேர்த்துப் புள்ளிக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால், தாள் முழுவதையும் நிரப்பும் ஒரே ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்குக்கு) 70 எம்.பி. அளவுக்கு நினைவகம் தேவைப்படும். இப்படி 40 லேயர்கள் இருந்தால் 2.8 ஜி.பி. ஆகிவிடும், செய்ததைத் திரும்பப் பெறுவதற்காக ஃபோட்டோஷாப் சேர்த்துவைக்கும் பழைய நிலைகள், விண்டோஸ், பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசர் எல்லாம் இதற்கு மேல். பதிப்பகம் 600 டி.பி.ஐ. கேட்டுவிட்டால் லேயர்களின் கணக்கு நான்கு மடங்காகும்.

இந்த நினைவகமான ரேம் நிரம்பியதும் ஃபோட்டோஷாப் மீதியை டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறது. அந்த டிஸ்க் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், நொடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரைதான் அதனால் எழுத முடியும் என்பதால், பிரஷ் அங்கேயே திணறிவிடுகிறது. உங்கள் சிக்கல் இதுதானா என்பதை அறிய, ஃபோட்டோஷாப் சாளரத்தின் அடியில் உள்ள தகவல் பட்டியில் ‘எஃபிஷியன்ஸி’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வழக்கம்போல் வரையுங்கள். அது 100 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், நினைவகம் போதாமல் டிஸ்க்கிடம் கையேந்துகிறது என்று பொருள். அப்போது ரேமை 16 அல்லது 32 ஜி.பி. ஆக்கி, ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குப் பதில் சுழலும் பாகமில்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டால், அதே கணினி இன்னும் சில ஆண்டுகளுக்கு உழைக்கும். சில மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட வழியில்லை என்பதை மட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டை இந்த வரிசையில் நான் கடைசியில்தான் வைப்பேன். தாளைச் சுழற்றுவதற்கும் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் அது உதவுமே தவிர, சாதாரண பிரஷின் வேகம் பெரும்பாலும் பிராசஸரைச் சார்ந்தது. விளையாட்டுக்கென்று விற்கப்படும் விலை உயர்ந்த கார்டு நமக்குத் தேவையில்லாத செலவு.

கேள்வி: ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்டி மாளவில்லை. அதன் பழைய பதிப்பாக முன்பு விலைக்கு வாங்கிய சி.எஸ்.6 என்னிடம் இருக்கிறது. அதற்கே திரும்பலாமா, இலவச மென்பொருளுக்கு மாறலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: சி.எஸ்.6 வெளிவந்தது 2012-இல். அடுத்த ஆண்டே, இனி சந்தா முறையில்தான் புதிய பதிப்புகள் வரும் என்று ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் அறிவித்துவிட்டது. விண்டோஸில் அது இன்றும் ஓடக்கூடும். ஆனால் கணினியை மாற்றும்போது மறுபடி பதிவுசெய்து இயக்க முடியுமா என்பது நம் கையில் இல்லை. மேக் கணினிகளிலோ 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32-பிட் நிரல்கள் நின்றுபோனதால், சி.எஸ்.6-ஐ அங்கே நம்பிப் பயனில்லை.

வண்ணம் தீட்டுவது மட்டுமே உங்கள் வேலை என்றால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் தாராளமாகப் போதும். அது இலவசம், அச்சு மைகளின் சி.எம்.ஒய்.கே. நிறத்தில் வேலை செய்கிறது, ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பையும் திறக்கிறது. கோட்டோவியத்துக்கு இன்னொரு இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் நல்லதுதான், ஆனால் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. அதன் பலவீனம். பதிப்பகம் லேயர்களோடு பி.எஸ்.டி. அனுப்பி, திருத்தி அதே வடிவில் திரும்பக் கேட்கும் நிலையில் இருப்பவர்கள் சந்தாவைத் தொழில் செலவாகக் கருதி, வாங்கும் கூலியில் ஏற்றிவிடுவதே முறை. ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டத்தில் இடையில் விலகினால் அபராதம் உண்டு என்பதால், இடைவெளி விட்டுவிட்டு வேலை கிடைப்பவர்களுக்கு, விலை கூடுதலானாலும் தனி மாதத் திட்டமே பொருந்தும்.

கேள்வி: பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் செய்த குழந்தைப் புத்தகங்கள் பழைய கணினியில் நிறைய உள்ளன. எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். புதிய கணினியில் இவை திறக்குமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மைதான். அதனால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள்தாம் நிற்கும். விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்பதால், உங்கள் கணினி அதை ஏற்காமல் போகலாம். ஆனாலும் புதியது வந்த பிறகு கோப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். செய்ய வேண்டிய வேலை முழுவதும் பழைய கணினியில்தான் இருக்கிறது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதன் கோப்புகளை, அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சி.எஸ்.6 பதிப்பு வரை திறக்க முடிந்தது. அதற்குப் பின் சந்தா முறையில் வந்த சி.சி. பதிப்புகள் அந்த வசதியை விட்டுவிட்டன. எழுத்துருவோ இதைவிடப் பெரிய தொல்லை. பாமினி போன்ற, பொதுவான யூனிகோடு முறையில் அமையாத எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துருக் கோப்பு இல்லாத கணினியில் அந்தப் புத்தகத்தைத் திறந்தால், பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தாம் தெரியும். போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியோடு கைவிட்டுவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, முதலில் ஒவ்வொரு புத்தகத்தையும் பழைய கணினியிலேயே திறந்து, எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். எடுத்துவிடுங்கள். கோரல் கோப்புகளில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய படி ஒன்று, திருத்தக்கூடிய படி ஒன்று என இரண்டையும் வைத்துக்கொண்டு, எழுத்துருக் கோப்புகளையும் புத்தகத்தின் அதே கோப்புறையில் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் இரண்டு வெளி டிஸ்க்குகளில் படியெடுங்கள். எல்லாப் புத்தகங்களையும் யூனிகோடுக்கு மாற்றுகிறேன் என்று இறங்கினால் கரை காண மாட்டீர்கள். மறுபதிப்புக்கு வருபவற்றை மட்டும் மாற்றினால் போதும். மாற்றி நிரல்கள் மேற்கோள் குறிகளிலும் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களிலும் தவறுவதால், மாற்றிய பின் மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். இன்டிசைனில் பத்தி அமைப்பாக ‘வேர்ல்டு-ரெடி கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கெ’, ‘கொ’ போன்றவற்றின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இல்லஸ்டிரேட்டரிலும் இதற்கான இந்திய மொழித் தேர்வு எழுத்து அமைப்புகளில் இருக்கிறது.

பழைய கணினியை எடைக்குப் போடாதீர்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஓடும் வரை வைத்திருங்கள்.

கேள்வி: ஐபேடில் ப்ரோகிரியேட் வாங்கிக்கொண்டு கணினியையே விட்டுவிடலாமா?
— வாசகர், கோவை

பதில்: வரைவதற்கு அது அருமையான கருவி, ஒருமுறை விலை கொடுத்தால் போதும், சந்தா இல்லை. ஆனால் ப்ரோகிரியேட்டில் எத்தனை லேயர்கள் கிடைக்கும் என்பதைத் தாளின் அளவும் ஐபேடின் நினைவகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. புதிய தாளின் அளவைக் குறிக்கும் திரையிலேயே அந்த எண்ணிக்கை தெரியும். ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் கருவியில் 3508-க்கு 4961 என்று கொடுத்துப் பார்த்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக் கோப்பும் அச்சகத்துக்கு அனுப்பும் இறுதி பி.டி.எஃப்.-உம் உங்கள் பொறுப்பு என்றால், ஐபேடிலிருந்து பி.எஸ்.டி.யாக எடுத்துக் கணினியில் முடிப்பதே எளிது. ஓவியத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகிக்கொள்பவர் என்றால், கணினி இல்லாமலும் சமாளிக்கலாம்.