வேலை போனபின் நான் யார்?

கேள்வி: 22 வருடம் பார்த்த வேலை போய்விட்டது. ‘ஆண்டவரே, என்னை உம்மிடம் ஒப்படைக்கிறேன்’ என்று தினமும் செபிக்கிறேன். ஆனாலும் மனபாரம் குறையவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: ‘என்னை’ என்று மொத்தமாகச் சொல்வதில்தான் சிக்கல். கொடுப்பதைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: விசிட்டிங் கார்டில் இருந்த பதவி, அடுத்த மாத வாடகை பற்றிய பயம், மேலதிகாரி மேல் உள்ள கோபம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. மறு ஆண்டு மொன்செராட் மாதா பீடத்தில் தம் வாளையே கழற்றி வைத்தார்.

இரவில் 15 நிமிடம் அவர் கற்றுத்தந்த ஆன்ம சோதனையைச் செய்யுங்கள். முதலில் நன்றி. பிறகு உள்ளதை உள்ளபடி பார்க்க இறைவனிடம் ஒளி கேட்பது, அன்றைய நாளை மணிவாரியாகப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். பலர் நன்றியைத் தாண்டி நேரே குற்றப்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள், சீக்கிரமே சலித்துப்போகிறது. தூக்கம் வந்தால் மற்றதைச் சுருக்குங்கள், நன்றியை அல்ல.

அடையாளத்துக்கு லூக்கா 3:22 வாசியுங்கள். ‘அன்பு மகன்’ என்று தந்தை சொன்னபோது இயேசு பொதுப்பணியையே தொடங்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அலகை (சாத்தான்) ‘நீர் இறைமகன் என்றால்’ என்று குறிவைப்பதும் அந்த அடையாளத்தைத்தான். வேலை போனவர்களுக்கும் ‘நீ யார்?’ என்ற இதே கேள்விதான் வரும், பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பந்தியில்!

விண்ணப்பம் போடுவதை நிறுத்தாதீர்கள். ஒப்படைப்பு என்றால் கைகட்டி உட்காருவதல்ல. தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரையும் பாருங்கள்.