கப்பல்காரனுக்குச் சொன்ன சேதி

அன்புள்ள ஐயா,

காய்ச்சலுக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்து வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் கிடந்தேன். பொழுது போகாமல் கைப்பேசியில் பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4 வானொலியைப் போட்டேன். காலையில் கடல் வானிலை, மதியம் 2 மணிக்குச் செய்தி அலசல், சாயங்காலம் பெண்கள் நிகழ்ச்சி, ராத்திரி 10 மணிக்குமேல் நாடகம், 11 மணிக்குத் தோட்டக்கலைக் கேள்வி பதில். பாட்டு என்று ஒன்றுமே போடவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் அப்பா, “என்னம்மா இது, பேசிக்கிட்டே இருக்கானுங்க” என்று சிரித்தார். தமிழில் ஏன் இப்படி ஒரு வானொலி இல்லை? நம் மொழிக்கு அந்த வலு இல்லையா? எந்தச் செயலியில் கேட்டால் தெளிவாக இருக்கும்?

க., செந்தூல்

அன்புள்ள க.,

செயலியெல்லாம் எனக்குத் தெரியாது, உங்கள் வயதுக்காரர்களைக் கேளுங்கள். மொழிக்கு வலு இல்லையா என்பதைக் காய்ச்சலில் கேட்டதாக வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறேன். இனி யாரிடமும் கேட்காதீர்கள். அதே பிபிசி 1941 முதல் 2017 வரை லண்டனிலிருந்து தமிழில் ஒலிபரப்பியது. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவர் சோ. சிவபாதசுந்தரம். சிற்றலை இரைச்சலுக்கு நடுவே காதை ஒட்டவைத்துக் கேட்ட ஆள் நான். தமிழ் எங்கேயும் திக்கவில்லை தங்கச்சி.

ஆனால் அந்தக் கடல் வானிலையை நீங்கள் இரண்டே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள், என்னால் முடியவில்லை. லண்டனில் நள்ளிரவு 12.48க்கு வாசிப்பது டிசம்பரில் நமக்கு மலேசியாவில் காலை 8.48. பசியாறிக்கொண்டே கேட்பேன். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வைக்கிங், டாகர், ஃபிஷர், 2002 வரை ஃபினிஸ்டராக இருந்து பெயர் மாறிய ஃபிட்ஸ்ராய். ஒவ்வொன்றுக்கும் காற்று எந்தத் திசை, எவ்வளவு பலம், மழை உண்டா, கண் எவ்வளவு தூரம் எட்டும், அவ்வளவுதான். மொத்தமும் 400 சொல்லுக்குள் முடிந்துவிடும். வாசிக்கிறவர் குரலை ஏற்றுவதில்லை, குழைப்பதும் இல்லை. எங்கோ இருட்டில் ஒருவன் பென்சிலும் கையுமாக எழுதிக்கொண்டிருப்பான் என்ற நினைப்பில் வாசிக்கிற குரல் அது. இன்றைக்கு அவனிடம் வேறு கருவிகள் இருக்கும், குரல் மட்டும் மாறவில்லை. கப்பல்காரனுக்குச் சொன்ன சேதியை பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து நான் ஒட்டுக்கேட்கிறேன், அதில்தான் ருசி.

ராத்திரி 10 மணிக்கு நீங்கள் கேட்டது ஆர்ச்சர்ஸ் என்கிற வானொலி நாடகத் தொடராக இருக்கும். 1951 ஜனவரியில் நாடு முழுக்க ஒலிபரப்பத் தொடங்கியபோது அங்கே இன்னும் உணவுக்கு ரேஷன். விளைச்சலைப் பெருக்கும் வழியை விவசாயிக்குக் கதையாகச் சொல்லத்தான் அதை ஆரம்பித்தார்கள். அதுவும் யாருக்கோ சொன்ன சேதிதான். தோட்டக்கலை நிகழ்ச்சிக்கும் இதே கதை, விடுங்கள்.

என் தாத்தா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சாயங்காலம் செய்தி முடிந்ததும் வானொலியில் அன்றைய ரப்பர் விலை சொல்வார்கள். பேட்டரி மூடி உடைந்துபோய், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய டிரான்சிஸ்டர். தாத்தா ஒரு விரலைத் தூக்குவார், பாட்டி அடுப்பில் கரண்டியை நிறுத்திவிடுவாள். முதல் தர ஷீட் இத்தனை சென் என்று குரல் சொன்னதும், நான் பள்ளிக்கூடத்திலிருந்து திருடிவந்த சுண்ணாம்புக்கட்டியால் கதவுக்குப் பின்னால் எழுதுவார். முந்தின நாள் எண்ணை அழிக்க மாட்டார், பக்கத்திலேயே எழுதுவார். விற்பதற்கு அவரிடம் ஒரு மங்கு பால்கூடச் சொந்தமில்லை, அப்புறம் எதற்கு விலை என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கும் ஒப்பந்தம் தோட்டங்களில் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த அறிவிப்பாளர் பேசியது என் தாத்தாவிடம்.

இப்போது பாருங்கள், “உலகெங்கும் வாழும் அன்புத் தமிழ் நெஞ்சங்களே” என்று ஆரம்பிக்கிறார்கள். உலகெங்கும் இருக்கிறவரிடம் என்ன பேச முடியும்? காலை வணக்கம் சொல்லலாம், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம், அப்புறம் சொல்ல ஒன்றுமில்லாமல் சிரிக்கலாம், பாட்டுப் போடலாம். சேதி இல்லாத குரல்தான் கத்தும். இதை நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

உங்களையும் சும்மா விட முடியாது. தமிழில் இல்லை, இல்லை என்கிறீர்களே, நம் மின்னல் வானொலியில் செய்தி தொடங்கியதும் காரில் அலைவரிசையை மாற்றும் கை யாருடையது? நம் ஊர் எழுத்தாளர்கள் வானொலிக்கு எழுதிய நாடகங்களில் ஒன்றையாவது, நன்றாக இருக்கிறது என்றோ மகா மட்டம் என்றோ, நிலையத்துக்கு நாலு வரி எழுதியிருக்கிறீர்களா? எனக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதத் தெரிகிறது.

கோபிக்காதீர்கள். இதையெல்லாம் எழுத வைத்ததே உங்கள் அப்பாவின் சிரிப்புதான். கூட்டரசு நெடுஞ்சாலையில் விடிகாலை மூன்று மணிக்கு லாரியில் தனியாகப் போகிற மனிதர், பேசிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றால், அவரிடம் யாரும் பேசவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். துறைமுக வாசலில் எவ்வளவு நேரம் காத்திருப்பார், அப்போது எதைப் போட்டுக் கேட்பார், எப்போது அணைப்பார். அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள், அரைப்பக்கம் போதும். காய்ச்சல் விட்டதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்